எனக்குப் பிறகு இந்தப் பிள்ளைக்கு யார்?



கோல சிலாங்கூர் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்துக்குச் சங்க வேலையாகப் போயிருந்தேன். கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும்போது, குலை வெட்டும் அண்ணன் ஒருவர் பின்னாலேயே வந்தார். வயது 54. சம்பளத் தகராறாக இருக்கும் என்று நினைத்தேன்.

“தம்பி, நம்ம சின்னவனத் தெரியுமில்ல? 19 வயசு ஆச்சு. இன்னும் அவங்கம்மாதான் சோறு ஊட்டுது. நாங்க ரெண்டு பேரும் போயிட்டா அவன யாரு பார்ப்பா?”

அந்த வீட்டு வழியாகப் பத்து வருடமாகப் போய் வருகிறேன். வாசலில் நிற்கும் அந்தப் பையனைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். ‘பதிந்தாச்சா?’ என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது என் குற்றம். அதனால்தான் இந்த வாரம் இதை எழுதுகிறேன்.

முதலில் கார்டு

“ஊரு என்ன சொல்லுமோன்னு அவங்கம்மா பயந்துச்சு. அதான் பதியல” என்றார். ஊர் பேசும், பிறகு மறந்துவிடும். கார்டு இல்லாவிட்டால் நட்டம் பிள்ளைக்குத்தான்.

சமூக நல இலாகாவில் உடற்பேறு குறைந்தவராகப் பதிந்தால் ஓ.கே.யு. கார்டு கொடுப்பார்கள். கட்டணம் கிடையாது. டாக்டர் பாரத்தில் உறுதி செய்ய வேண்டும். கை கால் ஊனம் மட்டும் கணக்கில்லை. பார்வை, செவி, பேச்சு, கற்றல் குறைபாடு, மனநலக் குறைவு எல்லாம் இதில் சேரும். இதற்கென்று 2008-இல் சட்டமே வந்துவிட்டது.

கார்டு இருந்தால் அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியம். 2021 பட்ஜெட்டில் மாத உதவித் தொகைகளை உயர்த்தினார்கள்: வேலை செய்ய முடியாதவருக்கு 300 வெள்ளி, குறைந்த சம்பளத்தில் வேலை செய்யும் உடற்பேறு குறைந்தவருக்கு 450 வெள்ளி, படுத்த படுக்கையாக இருப்பவரைப் பராமரிக்க 500 வெள்ளி. ஒன்று நினைவில் இருக்கட்டும். கார்டு வந்ததும் பணம் தானாக வராது. உதவித் தொகைக்குத் தனியாக மனுப் போட வேண்டும். குடும்ப வருமானத்தையும் பார்ப்பார்கள்.

சொக்சோ: 21 வயதோடு முடிவதில்லை

மாதாமாதம் சம்பளச் சீட்டில் சொக்சோவுக்குச் சில வெள்ளி பிடிக்கிறார்களே, அது எதற்கு? வேலையில் அடிபட்டால் மட்டும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை. சந்தா சரியாகக் கட்டிவரும் தொழிலாளி 60 வயதுக்குள் நோயால் இறந்தாலும் குடும்பத்துக்கு மாத ஓய்வூதியம் உண்டு. அதில் ஐந்தில் மூன்று பங்கு மனைவிக்கு அல்லது கணவனுக்கு; ஐந்தில் இரண்டு பங்கு பிள்ளைகளுக்கு.

பிள்ளைக்குப் பொதுவாக 21 வயது வரை, அல்லது கல்யாணம் ஆகும் வரைதான் கிடைக்கும். ஆனால் உடலாலோ மூளை வளர்ச்சியாலோ குறைபட்டு, சொந்தமாகப் பிழைக்க முடியாத பிள்ளைக்கு அந்த நிலை நீடிக்கும் வரை கிடைக்கும். அந்த அண்ணன் கேட்ட கேள்விக்குச் சட்டத்திலேயே பாதிப் பதில் இருக்கிறது! ஆனால் அதைப் பேப்பரில் காட்ட வேண்டுமே. பிள்ளைக்கு 30 வயதான பிறகு பழைய ஆஸ்பத்திரிச் சீட்டைத் தேடி அலைவதை விட, இன்றே பதிந்து வைப்பது எவ்வளவோ மேல்.

உங்களுக்கே பக்கவாதம் வந்தாலும், சர்க்கரை நோயால் காலை எடுத்தாலும் இதே கதைதான். 60 வயதுக்குள், இனி உழைக்க இயலாது என்று மருத்துவ வாரியம் சொன்னால் மாத ஓய்வூதியம் உண்டு. முழுத் தகுதி பெற, மனுப் போடுவதற்கு முந்தைய 40 மாதத்தில் 24 மாதமாவது சந்தா கட்டியிருக்க வேண்டும் என்பது ஒரு வழி. ‘முடியல’ என்று வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்தால், அந்த 40 மாதக் கணக்கில் ஓட்டை விழும். முதலில் மனு, பிறகு ஓய்வு. கான்ட்ராக்ட் வேலைக்குப் போகிறவர்கள், முதலாளி சொக்சோ கட்டுகிறாரா என்று கட்டாயம் கேளுங்கள்.

சேமநிதியில் யார் பெயர்?

ஊழியர் சேமநிதியில் வாரிசு நியமனம் செய்தீர்களா? “பெரியவன் பேர்ல எழுதிட்டேன், அவன் தம்பியப் பார்த்துக்குவான்” என்றார் அண்ணன். நல்ல பிள்ளைதான். ஆனால் முஸ்லிம் அல்லாதவர் பெரியவன் பெயரில் எழுதினால், சட்டப்படி அது பெரியவன் காசு. நாளைக்கு மருமகள் வருவாள், கடன் வரும். சின்னவன் பெயருக்கும் ஒரு பங்கு எழுதுங்கள். அவனால் காசைக் கையாள முடியாது என்றால், அறக்கட்டளையாக வைத்துக் கொடுக்க வழி உண்டா என்று அமானா ராயாவில் விசாரியுங்கள்.

மறு வாரம் அண்ணன் ஒருநாள் லீவு போட்டார். மகனுக்குச் சட்டை மாட்டிக் கையைப் பிடித்து அழைத்து வந்தார். அம்மாவும் கூட வந்தார். மூவரோடும் போய்ப் பாரத்தைக் கொடுத்தோம். வெளியே வந்ததும் அந்த அம்மா, “இத்தன வருசம் சும்மா இருந்துட்டோமே தம்பி” என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

தோழர்களே! உங்கள் லயத்தில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மறைக்காதீர்கள். பிறப்புப் பத்திரம், அடையாளக் கார்டு, ஆஸ்பத்திரிச் சீட்டு, சம்பளச் சீட்டு நான்கையும் ஒரே பையில் போட்டு வையுங்கள். பாரம் நிரப்பத் தெரியாவிட்டால் தோட்டத்துச் சங்கத் தலைவரைக் கூப்பிடுங்கள். அவர் வராவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். இது பிச்சை இல்லை, நம் உரிமை.