அடிதடி வழக்கும் வக்கீல் துணையும்

பெருமாட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பிளாச்சிமடைதான் ஞாபகம் வரும். இங்கே வாழும் நம் குடும்பங்களுக்கு இந்த ஊர் வேறு விதமாகத் தெரியும். வீட்டில் தமிழ், சந்தையில் தமிழ். காவல் நிலையத்திலும் கோர்ட்டிலும் எழுதுவது மலையாளம். இடுக்கியில் தேவிகுளம், பீருமேடு, உடும்பஞ்சோலைத் தோட்டப் பகுதிகளிலும் இதே நிலைதான். வரப்புத் தகராறு, கடன் தகராறு, கடைவீதி வாய்ச்சண்டை எல்லா ஊரிலும் உண்டு. கை நீண்டுவிட்டால் அது வழக்காகிறது. அப்போது புரியாத எழுத்தில் உள்ள தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவதுதான் நம்மவர்களுக்கு உள்ள பெரிய ஆபத்து. ஆகவே சட்டம் நமக்குக் கொடுத்திருப்பதைக் கொஞ்சம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

எந்த அடிக்கு எந்தப் பிரிவு?

2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்துள்ளது. அந்தத் தேதிக்கு முன் நடந்த சம்பவத்துக்குப் பழைய சட்டமே பொருந்தும்.

கையை ஓங்கி அடிக்க வருவதும் குற்றம்தான், அடி விழ வேண்டும் என்பதில்லை. அதற்குப் பிரிவு 131. மூன்று மாதம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அடித்துக் காயம் உண்டாக்கினால் 115(2). ஓராண்டு வரை சிறை, அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். எலும்பு முறிந்தாலோ, பல் போனாலோ, பதினைந்து நாள் கடும் வலியில் கிடந்தாலோ, அத்தனை நாள் அன்றாட வேலை செய்ய முடியாமல் போனாலோ அது கொடுங்காயம். 117(2)-இன்படி ஏழாண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. கத்தி, அரிவாள் போன்ற ஆயுதத்தால் சாதாரணக் காயம் உண்டாக்கினாலும் 118(1). மூன்றாண்டு வரை சிறை வரலாம். இதில் ஜாமீனை உரிமையாகக் கேட்க முடியாது, கோர்ட்தான் தீர்மானிக்கும்.

இதிலிருந்து ஒன்று விளங்கும். வழக்கின் கனத்தைப் பெரும்பாலும் டாக்டர் எழுதும் காயச் சான்றிதழ்தான் நிர்ணயிக்கிறது. அடிபட்டவர் அன்றைக்கே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய், யார், எதனால், எப்போது அடித்தார்கள் என்று உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும். கூட்டிச் சொன்னாலும் குறைத்துச் சொன்னாலும் குறுக்கு விசாரணையில் அது மாட்டிக்கொள்ளும். நம்மேல் பொய்ப் புகார் வரும் என்று தோன்றினாலும் இதே வழிதான். நம் உடம்பில் உள்ள காயமும் பதிவாக வேண்டும்.

காவல் நிலையத்தில்

புகார் கொடுப்பவர், எழுதியதை வாசிக்கக் கேட்டு, புரிந்த பிறகே கையெழுத்திட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் அவருக்கு இலவசம். சம்பவம் பொள்ளாச்சிப் பக்கம் நடந்தது, இங்கே வாங்க மாட்டோம் என்று திருப்பி அனுப்பக் கூடாது. எல்லை எதுவானாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று புதிய நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 173 சொல்கிறது.

விசாரணையில் நாம் சொல்வதைப் போலீசார் எழுதிக்கொள்ளலாம். ஆனால் அந்த வாக்குமூலத்தில் கையெழுத்து வாங்கக் கூடாது என்பது பிரிவு 181. இதைத் தெரியாமல்தான் பலர், "போட்டுட்டுப் போங்க" என்றதும் போட்டுவிடுகிறார்கள். கைது செய்தால் காரணம் சொல்ல வேண்டும். அதை எழுத்தில், கைதானவருக்குப் புரியும் மொழியிலேயே தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் தீர்ப்பளித்தது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும். விசாரணையின்போது வக்கீலைச் சந்திக்கும் உரிமையும் உண்டு. கோர்ட்டில் சாட்சி சொல்வது புரியாவிட்டால், புரியும் மொழியில் பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது பிரிவு 314. தயங்காமல் கேளுங்கள்.

வக்கீலுக்குப் பணம் இல்லையே?

அருணாசலப் பிரதேசத்தில் சுக் தாஸ் என்பவர் ஓர் உதவிப் பொறியாளரை மிரட்டியதாகத் தண்டிக்கப்பட்டார். வக்கீல் வைக்க வசதியில்லை. இலவச வக்கீல் உண்டு என்று அவருக்கு யாரும் சொல்லவும் இல்லை. 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அவர் கேட்கவில்லை என்று காரணம் சொல்லி இலவச உதவியை மறுக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம்.

1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே இலவச வக்கீல் உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு. மாவட்டத்திலும் தாலுகாவிலும் இதற்கென அமைப்பு இருக்கிறது. 15100 என்ற எண்ணில் அழைத்தும் கேட்கலாம்.

பணம் கொடுத்து வக்கீல் வைப்பவர்கள், வியாபாரத்தில் பார்ப்பதுபோல் கணக்காகப் பார்க்க வேண்டும். கட்டணம் எவ்வளவு, எந்தக் கட்டம் வரை என்று முதலிலேயே பேசுங்கள். வெற்று வக்காலத்தில் கையெழுத்திடாதீர்கள். அடுத்த வாய்தா தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வையுங்கள். ஆஜராகாமல் போனால் சின்ன வழக்குக்கும் வாரண்ட் வரும்.

அடிபட்டவர் பக்கம்

அரசு வக்கீல் இருக்கிறாரே என்று அடிபட்டவர் குடும்பம் சும்மா இருந்துவிடக் கூடாது. நம் மாவட்டத்து அட்டப்பாடியில் 2018 பிப்ரவரியில் மது என்ற பழங்குடி இளைஞரைத் திருடன் என்று சொல்லிக் கட்டிவைத்து அடித்தார்கள், அவர் உயிரிழந்தார். அரசு வக்கீல்கள் மாறினார்கள், சாட்சிகள் பலர் பிறழ்ந்தார்கள். தாயும் சகோதரியும் விடவில்லை. 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு சிறப்பு நீதிமன்றம் பதினாறு பேரில் பதினான்கு பேரைக் குற்றவாளிகள் என்றது. பதின்மூன்று பேருக்கு ஏழாண்டு கடுங்காவல். ஒருவருக்கு, பழைய 352-ஆம் பிரிவில், மூன்று மாதம். ஒரே சம்பவத்தில் ஒவ்வொருவர் செய்தது என்ன என்று பிரித்துப் பார்க்கிறது சட்டம். அரசு வக்கீலுக்குத் துணையாக நாமும் ஒரு வக்கீல் வைக்கக் கோர்ட் அனுமதி கேட்கலாம்.

சமாதானமாகப் போவது நல்லதுதான். ஆனால் ஊர்ப் பெரியவர்கள் பேசி முடித்தால் மட்டும் கேஸ் முடியாது. சாதாரணக் காயம் என்றால் அடிபட்டவர் சம்மதித்தால் ராஜியாகலாம். 117(2) என்றால் கோர்ட் அனுமதியும் வேண்டும். கோர்ட்டில் பதிவான ராஜிதான் ராஜி.

பிள்ளைகளுக்கு வேலைக்கோ பாஸ்போர்ட்டுக்கோ போலீஸ் சரிபார்ப்பு வரும்போது பழைய அடிதடி கேஸ் குறுக்கே நிற்கும். கோபம் ஒரு நிமிஷம். கேஸ் பல வருஷம். கோபத்தை அடக்குவது முதல் வேலை. அது தவறிப்போனால், வாசிக்கத் தெரியாத தாளில் கையெழுத்துப் போடாமல், "எனக்கு வக்கீல் வேணும்" என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியை வீட்டில் உள்ள சிறியவர் பெரியவர் எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள்.