வெளிநாட்டில் வளரும் சிறாருக்கான கிறித்தவ இளையோர் பணி

வெளிநாட்டில் வளரும் சிறாருக்கான கிறித்தவ இளையோர் பணி என்பது, பெற்றோரின் தொழில் காரணமாகத் தாய்நாட்டிற்கு வெளியே வளரும் சிறுவர்களுக்கும் பதின்ம வயதினருக்கும் கிறித்தவ அமைப்புகள் ஆற்றும் சமயக் கல்வி, நட்புறவு, ஆற்றுப்படுத்தல் ஆகிய பணிகளைக் குறிக்கும். மிசனரிகள், தூதரக அலுவலர்கள், படைத்துறையினர், பன்னாட்டு நிறுவன ஊழியர்கள் ஆகியோரின் பிள்ளைகள் இதனால் பயன்பெறுகின்றனர். தமிழ்ச் சீர்திருத்தத் திருச்சபைகளில் இளையோர் பணி "வாலிபர் ஊழியம்" என வழங்கப்படுகிறது. தொடக்க காலத்தில் இப்பணி பெரும்பாலும் விடுதிப் பள்ளிகளின் வழியாகவே நடைபெற்றது. பிரிவும் இடமாற்றமும் சிறார் மனத்தில் உண்டாக்கும் இழப்புணர்வை ஆற்றுவது இதன் முதன்மை நோக்கமாக ஆனது 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே ஆகும்.

மூன்றாம் பண்பாட்டுச் சிறார்

இத்தகைய சிறாரைக் குறிக்க "மூன்றாம் பண்பாட்டுச் சிறார்" என்னும் சொல்லை அமெரிக்கச் சமூகவியலாளர் ரூத் ஹில் யூசீம் அறிமுகப்படுத்தினார். 1950களில் அவரும் அவருடைய கணவர் ஜான் யூசீமும் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கரைப் பற்றி ஆய்வு செய்தபோது இக்கருத்து உருவானது. பெற்றோரின் பண்பாடு முதலாவது. வாழும் நாட்டின் பண்பாடு இரண்டாவது. இவ்விரண்டிற்கும் இடையே வாழ்வோர் தமக்குள் பகிர்ந்துகொள்ளும் வாழ்க்கைமுறை மூன்றாவது. டேவிட் பொல்லாக், ரூத் வான் ரீக்கன் ஆகியோர் 1999இல் வெளியிட்ட நூல் இக்கருத்தைப் பரவலாக்கியது. வான் ரீக்கன் நைஜீரியாவில் மிசனரிகளின் மகளாக வளர்ந்தவர்.

"உன் சொந்த ஊர் எது?" என்னும் எளிய கேள்விக்கு விடை கூற இயலாமை இச்சிறாரிடம் பொதுவாகக் காணப்படுகிறது. பல மொழிகளை அறிந்திருத்தல், பிற பண்பாட்டினருடன் எளிதில் பழகுதல் ஆகியன இவர்களின் வலிமைகள் ஆகும்.

விடுதிப் பள்ளிகள்

19ஆம் நூற்றாண்டில் மிசனரிகளின் பிள்ளைகள் கல்விக்காகப் பெரும்பாலும் ஐரோப்பாவிற்கோ அமெரிக்காவிற்கோ அனுப்பப்பட்டனர். பின்னர், பணி நடைபெறும் நாடுகளிலேயே அவர்களுக்கெனப் பள்ளிகள் தோன்றின. சீனாவில் சீஃபூ பள்ளி (1881), கென்யாவில் ரிஃப்ட் வேலி அகாதமி (1906) ஆகியன இவற்றுள் குறிப்பிடத்தக்கவை. தமிழ்நாட்டில் 1901இல் கொடைக்கானலில் மிசனரிகளின் பிள்ளைகளுக்காகத் தொடங்கப்பட்ட பள்ளி, பிற்காலத்தில் கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளியாக வளர்ந்தது.

இப்பள்ளிகள் தரமான கல்வியை அளித்தன. எனினும் ஆறு, ஏழு வயதுப் பிள்ளைகள் ஆண்டின் பெரும்பகுதியைப் பெற்றோரைப் பிரிந்து கழிக்க நேர்ந்தது. இது இறைவனுக்காகச் செய்யும் தியாகம் எனக் கருதப்பட்டதால், பிள்ளைகளின் துயரம் பெரும்பாலும் வெளியே பேசப்படவில்லை.

வெய்சியன் முகாம்

இரண்டாம் உலகப் போரின்போது சப்பானியர் சீஃபூ பள்ளி மாணவர்களைச் சிறைப்படுத்தி, 1943இல் வெய்சியன் முகாமிற்கு மாற்றினர். சிலர் ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாகப் பெற்றோரைக் காணாதிருந்தனர். அதே முகாமில் ஒலிம்பிக் வீரர் எரிக் லிடெலும் அடைக்கப்பட்டிருந்தார். இவர் 1902இல் சீனாவின் தியான்சினில் மிசனரி குடும்பத்தில் பிறந்து, ஏறத்தாழ ஆறு வயதில் இலண்டன் விடுதிப் பள்ளியில் விடப்பட்டவர் ஆவார். முகாமில் இவர் சிறாருக்கு அறிவியல் கற்பித்ததுடன் விளையாட்டுகளையும் நடத்தினார். 1924 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஞாயிற்றுக்கிழமை ஓட மறுத்த இவர், நடுவரின்றி விளையாடிய இளையோர் தமக்குள் சண்டையிட்டதைக் கண்டு, ஞாயிற்றுக்கிழமையிலும் நடுவராக நிற்க இசைந்தார். 1945 பெப்ரவரியில் மூளைக் கட்டியால் முகாமிலேயே இறந்தார். கனடாவில் பிறந்த தம் மூன்றாவது மகளை இவர் ஒருபோதும் பார்த்ததில்லை.

மாமூ பள்ளி விசாரணை

மேற்கு ஆப்பிரிக்காவின் கினியில் இயங்கி 1971இல் மூடப்பட்ட மாமூ பள்ளியின் முன்னாள் மாணவர்கள், சிறு வயதில் தாங்கள் அங்கு கொடுமைகளுக்கு உள்ளானதாகப் பிற்காலத்தில் முறையிட்டனர். இதனை ஆராய்ந்த தன்னுரிமையான விசாரணைக் குழு, தன் அறிக்கையில் உடல், மன, பாலியல் கொடுமைகள் நிகழ்ந்ததை உறுதிசெய்தது. புகார் கூறினால் பெற்றோரின் பணிக்கு இடையூறு நேரும் என்னும் அச்சம் பல பிள்ளைகளை மௌனமாக்கியிருந்தது. இதன் பின்னர் மிசனரி அமைப்புகள் பலவற்றில் பணியாளரின் பின்புலத்தைச் சரிபார்த்தல், புகார் கூறும் வழிமுறை ஆகியவற்றுக்கான விதிகள் வகுக்கப்பட்டன.

இன்றைய பணிமுறைகள்

வீட்டுவழிக் கல்வி, பன்னாட்டுப் பள்ளிகள், இணையவழிக் கல்வி ஆகியவற்றின் வளர்ச்சியால் விடுதிப் பள்ளிகளை நாடுவது குறைந்துள்ளது. இன்றைய இளையோர் பணியாளர்கள் வாராந்தரக் கூட்டங்கள், விவிலிய வகுப்புகள், முகாம்கள் ஆகியவற்றை நடத்துகின்றனர். தாய்நாடு திரும்பும் இளையோருக்கென மீள்நுழைவுப் பயிற்சிகளும் உள்ளன.

இடம்பெயரும் சிறாருக்காகப் பொல்லாக் வகுத்த முறை, தெப்பம் எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லால் அறியப்படுகிறது. அதன் நான்கு படிகள் பின்வருமாறு:

1. மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்ளுதல்
2. உடனிருந்தோருக்கு நன்றியும் மதிப்பும் தெரிவித்தல்
3. மனிதர், இடம், வளர்ப்பு விலங்கு, உடைமை ஆகியவற்றிடம் முறையாக விடைபெறுதல்
4. சேருமிடத்தைப் பற்றி முன்கூட்டியே சிந்தித்தல்

முறையாக விடைபெறாத சிறார், அடுத்த இடத்திலும் நட்புக் கொள்ளத் தயங்குவர் என்பது இம்முறையின் அடிப்படைக் கருத்தாகும்.

இளையோர் பணியாளரே சில ஆண்டுகளில் இடம்மாறிச் செல்வது இப்பணியின் ஒரு குறைபாடாகும். அடிக்கடி நண்பர்களை இழக்கும் சிறாருக்கு இது மற்றுமொரு பிரிவாக அமைகிறது. எனவே நீண்டகாலம் ஓரிடத்தில் தங்கிப் பணியாற்றுவோர் இப்பணிக்கு இன்றியமையாதவராகக் கருதப்படுகின்றனர்.