வக்கீலிடம் போகும் முன்னால்

சுங்கைப்பட்டாணியில் ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் நெடுங்காலம் குமாஸ்தாவாக இருந்தேன். விவாகரத்துக் கோப்புகள் முதலில் என் மேசைக்குத்தான் வரும். திருமணச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், அடையாள அட்டை நகல் எல்லாவற்றையும் அடுக்கித் துளை போட்டுக் கோர்க்கும்போது எதிரே இருப்பவரிடம் ஒன்று கேட்பேன்: “இதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது போய் உட்காந்து பேசினீங்களா?” பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். “கவுன்சிலிங்கா? அதுக்கெல்லாம் காசுக்கு எங்கக்கா போறது?”

சரி, அந்தக் காசைக் கணக்குப் போட்டே பார்த்துவிடுவோம்.

தனியாரிடம் கணவன் மனைவியாகப் போய் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச, நம் பக்கத்திலும் பினாங்கிலும் ஏறக்குறைய 150 வெள்ளியிலிருந்து 300 வெள்ளி வரை கேட்கிறார்கள். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியிலிருந்து மாதம் 1,700 வெள்ளி. மாதத்துக்கு 26 நாள் வேலை என்று வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி 65 வெள்ளி சொச்சம். 200 வெள்ளி கொடுத்தால் மூன்று நாள் உழைப்பு போய்விட்டது. எட்டு தடவை போனால் 1,600 வெள்ளி, கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம். செம்பனைக் குலை அறுக்கிறவருக்கும் கூலிம் தொழிற்சாலையில் சிப்டு பார்க்கிறவருக்கும் இது பெரிய பணம். “காசுக்கு எங்கே போவது” என்று கேட்டவர்கள் சாக்குச் சொல்லவில்லை.

ஆனால் அதே ஆள் வழக்குக்கு எவ்வளவு கட்டினார் என்பதும் எனக்குத் தெரியும். ரசீது எழுதியவள் நான். இருவரும் ஒத்துப்போய்க் கூட்டு மனுப் போட்டாலே வழக்கறிஞர் கட்டணம் சில ஆயிரம் ஆகும். ஒருவர் எதிர்த்து நின்று, பிள்ளை யாரிடம், வீடு யாருக்கு என்று சாட்சி விசாரணை வரை போனால் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். பிறகு இரண்டு வீட்டு வாடகை, இரண்டு மின்சாரக் கட்டணம், பிள்ளைக்கு ஜீவனாம்சம். எட்டு வாரம் ஆலோசனைக்குப் பணமில்லை என்றவர் ஈ.பி.எப். சேமிப்பில் கைவைத்து வக்கீலுக்குக் கட்டியதைப் பார்த்திருக்கிறேன்.

அந்தக் காலத்தில் இதற்கு யாரும் காசு கொடுத்ததில்லை. நான் பிறந்தது பீடோங் பக்கத்து ரப்பர் தோட்டத்தில். அப்பா தண்டல். லயத்தில் சண்டை முற்றினால் அந்தி நேரத்தில் இரண்டு தரப்பும் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். கோயில் தலைவரும் சங்கத் தலைவரும் வந்து உட்காருவார்கள். கள்ளைத் தொடமாட்டேன் என்று கணவன் மாரியம்மன் முன்னால் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்வான். சில வீடுகள் அப்படி உண்மையாகவே நிமிர்ந்தன. ஆனால் பெரும்பாலான பஞ்சாயத்து “பொம்பளதான் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்” என்றுதான் முடியும். அன்று இரவு அந்தப் பெண் அதே லயத்துக்குத்தான் திரும்ப வேண்டும். காசு வாங்காத அந்த ஆலோசனைக்கு அவள் கொடுத்த விலையை யாரும் கணக்கில் எழுதவில்லை. தோட்டங்கள் துண்டாகித் தாமான்கள் ஆன பிறகு அந்த வாசலும் இல்லை. அதன் இடத்துக்கு வேறொன்றும் வரவில்லை.

சட்டம் ஓர் ஏற்பாடு வைத்திருக்கிறது. முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் 1982 மார்ச் முதல் தேதி நடப்புக்கு வந்தது. அதன் 106ஆவது பிரிவின்படி, ஒருவர் மட்டும் விவாகரத்துக் கேட்டால் முதலில் சமரசக் குழுவிடம் போயாக வேண்டும். நம் ஆட்கள் அதை “டிரிபியூனல்” என்பார்கள். தேசியப் பதிவிலாகாவில் விண்ணப்பிக்க வேண்டும். அங்கே வக்கீல் வந்து பேச முடியாது. ஆறு மாதத்துக்குள் சமரசம் செய்து பார்க்க வேண்டும். முடியாவிட்டால் “சமரசம் ஆகவில்லை” என்று சான்றிதழ் தருவார்கள். துணை எங்கே போனார் என்றே தெரியாதவர்களுக்கும் இன்னும் சில நிலைமைகளுக்கும் விலக்கு உண்டு. இருவரும் சம்மதித்துக் கூட்டு மனுப் போட்டால் டிரிபியூனலே தேவையில்லை.

இதைத்தான் பலர் அரசாங்க கவுன்சிலிங் என்று நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. அங்கே போகிறவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர். அவருக்கு வேண்டியது சான்றிதழ். எதிர்த்தரப்பு பல சமயம் வருவதேயில்லை. பேச வேண்டிய காலம் அதற்கு ரொம்ப முன்னாலேயே கடந்துவிட்டது.

அதே சட்டத்தின் 50ஆவது பிரிவையும் சொல்ல வேண்டும். மிகக் கடுமையான துன்பம் என்று நீதிமன்றத்தை நம்பவைத்தால் ஒழிய, திருமணமாகி இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட முடியாது. நம்மவர்கள் முதலில் ரெஜிஸ்தர் செய்துகொண்டு, கோயில் கல்யாணத்தை மாதக்கணக்கில் தள்ளி வைக்கிறார்கள். சட்டத்துக்கு ரெஜிஸ்தர் தேதிதான் கணக்கு. இந்த இரண்டு ஆண்டில் அலுவலகத்துக்கு வந்து “இன்னும் எத்தனை மாதம் காத்திருக்கணும்?” என்று கேட்ட இளம் பிள்ளைகள் ஏராளம். ஆலோசனைக்கு இதைவிட நல்ல காலம் கிடையாது. கோபம் இருக்கும், ஆனால் இன்னும் பேச்சு நின்றிருக்காது.

அப்படிப் போனால் பலன் உண்டா? அமெரிக்காவில் ஆண்ட்ரூ கிறிஸ்டென்சன் என்ற உளவியலாளரும் அவரது குழுவினரும் மிக மோசமான நிலையிலிருந்த 134 தம்பதிகளை எடுத்துக்கொண்டு, அதிகபட்சம் 26 அமர்வுகள் கொடுத்து, ஐந்து ஆண்டுகள் கவனித்தார்கள். 2010இல் முடிவு வெளிவந்தது. ஐந்தாம் ஆண்டு முடிவில் ஏறக்குறைய பாதிப் பேர் முன்பைவிடத் தெளிவாக நல்ல நிலையில் இருந்தார்கள். கால்வாசிக்குச் சற்று மேல் பிரிந்துவிட்டார்கள். உத்தரவாதம் இல்லை என்பதுதான் இதன் பொருள். ஆனாலும் கிட்டத்தட்ட முறிந்துபோன குடும்பங்களில் பாதி தேறுவதை நான் சின்ன விஷயமாக எண்ணமாட்டேன்.

கூலிமில் ஒரு தம்பதி. அவருக்கு இரவு சிப்டு, அவளுக்குப் பகல். பிள்ளையைக் கைமாற்றும் அரை மணி நேரம்தான் இருவரும் ஒரே வீட்டில் விழித்திருக்கும் நேரம். அந்த அரை மணியில் சண்டை. கோப்புத் திறக்க வந்தவர்களை வக்கீலே ஆலோசகரிடம் திருப்பி அனுப்பினார். அங்கே பேசியதில் பெரும்பகுதி சிப்டு மாற்றுவதும், மாமியாருக்கு மாதம் கொடுக்கும் பணமும்தான். அன்பைப் பற்றி யாரும் பாடம் எடுக்கவில்லை. கோப்பு அதன் பிறகு திறக்கப்படவில்லை.

இனி, காசில்லாதவர்களுக்கு. சமூக நல இலாகாவின் மாவட்ட அலுவலகங்களில் ஆலோசனை இலவசம். எல்பிபிகேஎன் என்கிற தேசிய மக்கள்தொகை, குடும்ப மேம்பாட்டு வாரியமும் குடும்ப ஆலோசனைக்குக் கட்டணம் வாங்குவதில்லை. பினாங்கில் 1985 முதல் இயங்கும் டபிள்யூசிசி என்ற பெண்கள் மையம் பெண்களுக்கு இலவசமாக ஆலோசனை தருகிறது. பட்டர்வொர்த்திலும் அவர்களுக்கு ஒரு நிலையம் உண்டு, சுங்கைப்பட்டாணியிலிருந்து கொமுட்டர் ரயிலிலேயே போய்விடலாம். கெடாவில் நமக்கு ஒரு வசதியும் இருக்கிறது. இங்கே அரசாங்க விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிற்றுக்கிழமை அலுவலகங்கள் திறந்திருக்கும். ஞாயிறு ஓய்வுள்ள தொழிற்சாலைக்காரர் ஒரு நாள் கூலியை இழக்காமல் போய்வரலாம்.

தனியாரிடம் போகிறவர்கள் பதிவு எண்ணைக் கேளுங்கள். 1998ஆம் ஆண்டு ஆலோசகர் சட்டப்படி, பதிவு பெறாத ஒருவர் தன்னைக் கவுன்சிலர் என்று சொல்லித் தொழில் நடத்த முடியாது. கேட்டால் அவர்கள் கோபிக்க மாட்டார்கள். கோபித்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிரக தோஷம் கழிக்கிறேன், வசியத்தை எடுக்கிறேன் என்று சொல்கிறவரிடம் ஒரே இரவில் நூற்றுக்கணக்கில் கொடுத்துவிட்டு வந்த குடும்பங்களைப் பார்த்து எனக்கு நெஞ்சு எரிந்திருக்கிறது.

அடி விழும் வீட்டுக்கு நான் மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அடிப்பவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு பெண் மனம்விட்டுப் பேச முடியாது. பேசினால் வீட்டுக்குப் போனதும் அதற்கும் சேர்த்து வாங்குவாள். அங்கே முதலில் வேண்டியது பாதுகாப்பு. 15999 என்ற தாலியான் காசே உதவி எண் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்குகிறது. குடும்ப வன்முறைச் சட்டத்தில் 2018 முதல், சமூக நல அதிகாரியே ஏழு நாளுக்கான அவசரப் பாதுகாப்பு உத்தரவு தர முடியும். இதை நம் பெண்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

இந்த ஆலோசனைச் சேவைகளில் நான் காணும் ஒரே பெரிய குறை மொழி. தமிழில் பேசும் ஆலோசகர் எல்லா அலுவலகத்திலும் கிடைப்பதில்லை. பாடாங் செராயிலிருந்து போகும் ஓர் அம்மா தன் படுக்கையறைத் துக்கத்தை மலாயில் எப்படிச் சொல்வார்? போன் செய்யும்போதே தமிழ் தெரிந்தவர் வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். நம் கோயில் நிர்வாகங்களிடமும் ஒன்று கேட்கிறேன். மண்டபத்தில் கதவு சாத்தக்கூடிய ஓர் அறையை ஒதுக்கி, தமிழ் பேசும் பதிவு பெற்ற ஆலோசகர் ஒருவரை மாதம் ஒரு நாள் வரவழையுங்கள். நான்கு தம்பதிகளுக்குத் தலா 200 வெள்ளி என்றாலும் மாதம் 800, ஆண்டுக்கு 9,600 வெள்ளி. நடுத்தரமான ஒரு திருவிழாவின் மேளச் செலவும் பந்தல் செலவும் அதற்குக் குறைந்ததில்லை.