செந்நிறப் பொன்

பொன் என்றாலே மஞ்சள் நிறம் என்று எண்ணுவோர்க்கு இலண்டன் ரோயல் நிறுவனத்திலுள்ள சில கண்ணாடிக் குப்பிகள் வியப்பூட்டும். மைக்கேல் பரடே 1850களில் ஆக்கிய பொற்கரைசல் அவற்றில் இன்றும் மாணிக்கச் செந்நிறத்தோடு விளங்குகின்றது. பொன்னைச் சில பத்து நனோமீற்றர் அளவான துகளாக்கினால், அது பச்சை ஒளியை விழுங்கிச் செவ்வொளியைப் போகவிடும். ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் அதில் ஒரு கூறே நனோமீற்றர். இதனை ஓர் அறிஞரின் விளையாட்டு என்றே நான் நெடுங்காலம் கருதியிருந்தேன். மாட்டுத் தொழுவத்திலும் இதற்கு வேலை உண்டென அறிந்தது, பிரித்தானியாவில் 2001ஆம் ஆண்டு மூண்ட கால்-வாய் நோயின் வரலாற்றைப் படித்தபோதுதான்.

கோமாரி என்றும் தமிழில் வழங்கும் இந்நோயில் வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் எழும். ஆனால், கொப்புளம் எழுமுன்னரே விலங்கு நோயைப் பரப்பத் தொடங்கிவிடும். அவ்வாண்டு பெப்ரவரி 20இல் நோய் உறுதிசெய்யப்பட்டபோது, நோயுற்ற செம்மறிகள் சந்தைகள் வழியே பல மாவட்டங்களுக்கும் சென்றுவிட்டிருந்தன. ஆய்வுகூடத்தின் விடைக்குக் காத்திருக்க நேரமில்லை என்று அரசு முடிவு செய்தது. ஐயத்துக்குரிய பண்ணையில் 24 மணி நேரத்துள்ளும், அயற்பண்ணைகளில் 48 மணி நேரத்துள்ளும் கால்நடைகளைக் கொன்றுவிட வேண்டும் என்பது கட்டளை. நோய் கண்டனவாகக் கணக்கிடப்பட்ட பண்ணைகள் 2026; மாண்ட விலங்குகளோ அறுபது இலட்சத்துக்கு மேல். அவற்றுள் நோயற்றவை ஏராளம். டெவொன் மாவட்டத்தில் கொல்லப்பட்ட மாடுகளின் நடுவே வெண்ணிறக் கன்றொன்று ஐந்து நாட்களின் பின் உயிரோடு காணப்பட்டது. பீனிக்ஸ் என்று பெயர் பெற்ற அக்கன்றுக்காக நாடே வாதாடியது. அது பிழைத்தது, கட்டளையும் சற்றுத் தளர்ந்தது.

அக்கொலையை எளிதிற் பழிக்க நான் துணியேன். அறியாமையே அங்கே கத்தியை எடுத்தது. தொழுவத்தில் நின்றபடியே நோய் உண்டா இல்லையா என்று அறிய வழியிருந்தால்?

வழி ஒரு கடதாசிப் பட்டையில் உள்ளது. கொப்புளத்தின் நீரையோ தோற்றுணுக்கையோ கரைத்து ஒரு துளி இடுவர். பட்டையின் தொடக்கத்தில், இந்நோயின் வைரசை மட்டும் பற்றும் பிறபொருளெதிரிகளைப் போர்த்திய பொற்றுகள்கள் காத்திருக்கும். வைரசு ஏறக்குறைய 30 நனோமீற்றர். பொற்றுகளும் அதற்கு ஒத்த பருமனே. வைரசைப் பற்றிய துகள்கள் ஈரத்தோடு ஊர்ந்து சென்று, குறுக்கே பதித்த மற்றொரு பிறபொருளெதிரி வரிசையிற் சிக்கிக்கொள்ளும். தனித்துகளைக் கண் காணாது. கோடிக்கணக்கில் குவிந்தால் சிவந்த கோடு தோன்றும். சில நிமிடங்களில் விடை. (பொன்னுக்குப் பதிலாகச் சாயமூட்டிய நுண்மணிகளைக் கொண்ட பட்டைகளும் உண்டு.) இம்முறையிலான பட்டையொன்றைப் பற்றிப் பேர்பிரைட் ஆய்வாளர் 2001இலேயே எழுதி வெளியிட்டனர் என்பதைப் படித்தபோது என் மனம் கலங்கியது. அவ்வாண்டின் கொலைக்களத்துக்கு அது காலத்தில் வந்து சேரவில்லை.

ஆயினும், பட்டையை மந்திரக்கோலாக எண்ணலாகாது. வைரசு மிகுதியாக உள்ள புதுக் கொப்புளத்திலேயே அது நன்கு பேசும். 2001இல் நோயை ஊரூராய்ச் சுமந்த செம்மறியிலோ புண் சிறிது. சிலநாளில் ஆறியும் விடும். அங்கே கோடு தோன்றாவிட்டால் நோயில்லை என்று கொள்ள முடியாது. மாதிரியை ஆய்வுகூடத்துக்கு அனுப்பிக் காத்திருக்கத்தான் வேண்டும்.