அக்டோபர்ல ஸ்பிதி: ஏன் போகணும், எந்த வழியா போகணும்?

ஆயுத பூஜை லீவை ஒட்டி எங்கயாவது தூரமா போகலாம்னு யோசிக்கிறவங்களுக்கான எபிசோட் இது. இடம், ஹிமாச்சலப் பிரதேசத்துல இருக்கிற ஸ்பிதி பள்ளத்தாக்கு.

பாலைவனம்னா நமக்கு மணலும் ஒட்டகமும்தான் ஞாபகம் வரும். ஸ்பிதி குளிர் பாலைவனம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையைத் தடுத்துட்டு நம்ம பக்கம் கொஞ்சமா விடுது இல்லையா, அதே வேலையை அங்க இமயமலை இன்னும் கறாரா செய்யுது. அதனால மலையெல்லாம் மொட்டையா பழுப்பு நிறத்துல நிற்கும்.

சரி, ஏன் செப்டம்பர் கடைசியில இருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை? முதல் காரணம், ரோடு. ஸ்பிதியில மழை கம்மிதான். ஆனா அங்க போற வழியில மழை உண்டு, ஜூலை, ஆகஸ்ட்ல மண் சரியும். செப்டம்பர் கடைசியில அது அடங்கிடும். ரெண்டாவது, ஓடைகள். கோடையில மதியத்துக்கு மேல பனி உருகி, மணாலி ரோட்டுக்குக் குறுக்க ஓடுற ஓடையெல்லாம் பெருகிடும். குளிர் வந்ததும் உருகுறது குறையும், கடக்கிறது சுலபம். மூணாவது, வானம். காத்துல ஈரமும் இல்ல, ஊர் வெளிச்சமும் இல்ல. அமாவாசையை ஒட்டிப் போனா பால்வெளியை வெறும் கண்ணால பார்க்கலாம். கூடவே ஆத்தோரத்துல வில்லோ, பாப்லர் மரங்கள் மஞ்சளா மாறியிருக்கும். அந்தப் பழுப்புக்கு நடுவுல அந்த மஞ்சள் தனியா தெரியும்.

ஆனா ஒண்ணு. வானத்தை அவ்வளவு தெளிவா காட்டுற அதே மெல்லிய, வறண்ட காத்துதான் நம்மளைப் படுக்க வைக்கிறதும். 4,000 மீட்டர் உயரத்துல நமக்குக் கிடைக்கிற ஆக்ஸிஜன், கடல் மட்டத்துல கிடைக்கிறதுல சுமார் 60 சதவீதம்தான். அதனால எந்த வழியா ஏறுறோம்கிறது முக்கியம். மணாலி வழி குறைஞ்ச தூரம். ஆனா சுமார் 2,000 மீட்டர்ல கிளம்பி, அதே நாள்ல 4,500 மீட்டருக்கு மேல இருக்கிற குன்சும் கணவாயைத் தாண்டணும். உடம்பு பழக நேரமே கிடைக்காது. பனி விழுந்தா அந்தக் கணவாய் மூடியும் போயிடும்.

நான் சொல்றது சிம்லா வழி. தூரம் ரெண்டு மடங்கு, ஆனா படிப்படியா ஏறலாம். கல்பாவுல ஒரு ராத்திரி, தாபோவுல ஒரு ராத்திரி, அப்புறம் காசா. தாபோ சும்மா தங்கிட்டுப் போற ஊர் இல்ல. கி.பி. 996-ல நிறுவின மண் சுவர் மடாலயம் அங்க இருக்கு, உள்ள இருக்கிற பழைய சுவரோவியங்களை நிதானமா பாருங்க.

ராத்திரி பூஜ்ஜியத்துக்குக் கீழ போகும், அதுக்கேத்த துணி எடுத்துக்கோங்க. சீசன் முடியுற நேரம்கிறதால ஹோம்ஸ்டேக்கு முன்னாடியே போன் பண்ணிடுங்க. பிளான்ல ரெண்டு நாள் பஃபர் வைங்க.

கடைசியா ஒரு விஷயம். குரூப்ல ஒருத்தர் தலைவலி, குமட்டல்னு சொன்னா, "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ மச்சி"ன்னு சொல்லி இன்னும் மேல கூட்டிட்டுப் போகாதீங்க. அன்னைக்கு ஏறுறதை நிறுத்துங்க. குறையலைன்னாலோ, தள்ளாட்டமோ மூச்சுத்திணறலோ வந்தாலோ, ராத்திரியா இருந்தாலும் உடனே கீழ இறக்குங்க. மலை அடுத்த வருஷமும் அங்கதான் இருக்கும்.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.