முதலில் காற்றுக் கணக்கு, அப்புறம் டர்போ

பாறசாலையில் சாயா குடிக்க நின்றபோது அக்காள் மகன் கேட்டான்: "மாமா, நம்ம வண்டிக்குப் பெரிய டர்போ ஒண்ணு போடலாம்ணு நெனைக்கேன். எது நல்லது?" வண்டி, 2017இல் இந்தியாவுக்கு வந்த ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1,984 சிசி பெட்ரோல் எஞ்சின். கம்பெனியிலிருந்து வரும்போதே 230 குதிரைத்திறன். பழைய வண்டியாக வாங்கினான். இப்போது 400 வேண்டுமாம். எந்த டர்போ என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி, முதலில் உட்கார் என்றேன். அன்று சொன்னதைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கம் இதே கேள்வியோடு திரியும் பையன்கள் நிறையப் பேர்.

டர்போ தானாகச் சக்தி எதையும் உண்டாக்குவதில்லை. சைலன்சர் வழியே வீணாகப் போகும் புகை டர்பைன் என்ற ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையில் இருக்கும் சக்கரம், அதாவது கம்ப்ரசர், வெளிக்காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளுகிறது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரெட் பூகி 1905இலேயே காப்புரிமை வாங்கிய ஏற்பாடு இது. காற்று கூடுதலாக உள்ளே போனால் அதற்கேற்ற பெட்ரோலையும் எரிக்கலாம், சக்தி கூடுகிறது. ஆகவே முதலில் போட வேண்டியது காற்றுக் கணக்கு.

பெட்ரோல் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்குச் சுமார் 45 கிராம் காற்று வேண்டும் என்பது ட்யூனிங் செய்பவர்கள் கையாளும் தோராயக் கணக்கு. 300 குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 13.5 கிலோ, 400 என்றால் 18 கிலோ. இந்த இரண்டு லிட்டர் எஞ்சின் 6,000 ஆர்பிஎம்மில், பூஸ்ட் எதுவும் இல்லாமல், நம் ஊர் வெக்கையில், நிமிடத்துக்கு 6 கிலோவுக்குச் சற்று மேல்தான் காற்றை இழுக்கும். 13.5 கிலோ போக வேண்டுமானால் எஞ்சினுக்குக் காற்று போகும் மேனிஃபோல்டில் மொத்த அழுத்தம் 2.2 பார் இருக்க வேண்டும், அதாவது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்தால் பூஸ்ட் 1.2 பார். 400 குதிரைத்திறனுக்கு அதே கணக்கில் பூஸ்ட் 2 பாரை நெருங்கிவிடும். 300க்கும் 400க்கும் இடையே இருப்பது சாதாரண இடைவெளி இல்லை என்பது இங்கேயே தெரிந்துவிடும். பிஸ்டன், கனெக்டிங் ராடு, பெட்ரோல் பம்ப், கியர்பாக்ஸ் எல்லாம் அந்த இடைவெளிக்குள்தான் செலவு வைக்கும்.

அடுத்தது கம்ப்ரசர் மேப். தனியாகக் கடையில் விற்கும் டர்போக்களுக்கு நல்ல கம்பெனிகள் பெரும்பாலும் இந்தப் படத்தை வெளியிடும். அவற்றில் படம் கொடுக்காததை வாங்காதே என்று அவனிடம் அடித்துச் சொன்னேன். கீழே கிடைக்கோட்டில் நிமிடத்துக்கு எவ்வளவு காற்று என்று இருக்கும். பக்கவாட்டில், வெளியே வரும் காற்றின் அழுத்தம் உள்ளே போவதைவிட எத்தனை மடங்கு என்ற விகிதம். நடுவில் தீவு தீவாக வளையங்கள். ஒவ்வொன்றிலும் திறன் சதவீதம் போட்டிருக்கும். நம் 300 குதிரைத்திறன் கணக்கில் இன்டர்கூலரில் கொஞ்சம், ஏர் ஃபில்டரில் கொஞ்சம் அழுத்தம் குறைவதையும் சேர்த்தால் விகிதம் 2.4 வரும். 13.5 கிலோவும் 2.4உம் சந்திக்கும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வை. அந்தப் புள்ளி 72 சதவீத வளையத்தில் விழுந்தால், 35 டிகிரியில் உள்ளே போன காற்று ஏறக்குறைய 155 டிகிரியில் வெளியே வரும். 60 சதவீத ஓரத்தில் விழுந்தால் 180ஐத் தாண்டும். பூஸ்ட் மீட்டரில் இரண்டும் ஒரே எண்ணைத்தான் காட்டும். ஆனால் சூடான காற்றுக்கு அடர்த்தி குறைவு, எஞ்சினில் தட்டலும் வரும். தவறான டர்போவோடு ஓட்டுகிறவன் பூஸ்டைக் கூட்டிக்கொண்டே போவான், சக்தி மட்டும் ஏறாது.

இன்னொரு புள்ளியும் வைக்க வேண்டும். பலரும் இதை வைப்பதே இல்லை. அதே பூஸ்டில் 3,000 ஆர்பிஎம்மில் எஞ்சின் வாங்கும் காற்று பாதிதான், 6.75 கிலோ. மேப்பின் இடது ஓரத்தில் சர்ஜ் கோடு என்று ஒன்று உண்டு. புள்ளி அந்தக் கோட்டுக்கு இடப்பக்கம் போனால், அமுக்கிய காற்றை எஞ்சின் வாங்கி முடிக்காது. காற்று கம்ப்ரசருக்குள்ளேயே திரும்பி அடிக்கும், பேரிங் நொறுங்கும். 400க்கென்று செய்த பெரிய கம்ப்ரசர்களில் பெரும்பாலும் இந்தப் புள்ளி அங்கேதான் போய் விழும். அந்த ஆர்பிஎம்மில் அவ்வளவு பூஸ்டைக் கேட்காதபடி ட்யூனர் கணினியில் அடக்கி வைப்பார். வைத்தால் கீழே இழுவை இருக்காது.

களியக்காவிளையிலிருந்து பாறசாலை, உதியன்குளங்கரை, அமரவிளை வழியாக நெய்யாற்றின்கரை போகும் பழைய ரோட்டை நினைத்துப் பாருங்கள். ஒதுங்க இடமில்லாத ரோடு. முன்னால் கேஎஸ்ஆர்டிசி பஸ், எதிரே ஜல்லி ஏற்றிய டிப்பர், நடுவில் ஆட்டோ. எஞ்சின் 1,500க்கும் 3,500 ஆர்பிஎம்முக்கும் இடையில்தான் இருக்கும். இந்த ரோட்டில் ஓடும் வண்டிக்கு 4,500இல் விழிக்கும் டர்போ எதற்கு? சக்கரத்தின் விட்டம் 20 சதவீதம் கூடினால், வடிவம் அதேதான் என்று வைத்துக்கொண்டாலும், அதைச் சுழல வைப்பதற்கான மந்தம் இரண்டரை மடங்காகும். ஆக்சிலேட்டரை மிதித்துவிட்டுக் காத்திருக்கும் அந்த நேரத்துக்கு, லேக் என்று சொல்கிறோமே, பெரிய காரணம் இதுதான். பையன் காரோடு பைபாஸைச் சொன்னான். முக்கோலையிலிருந்து காரோடு வரை கான்கிரீட் போட்ட அகலமான ரோடு, உண்மைதான். ஆனால் அங்கேயும் ஸ்கூட்டரில் பிள்ளையை வைத்துக்கொண்டு ஆள் போகிறது. 400 குதிரைத்திறனைத் திறந்துவிட இடம் வேண்டுமென்றால் கோயம்புத்தூர் கரி மோட்டார் ஸ்பீட்வே இருக்கிறது, இருங்காட்டுக்கோட்டை டிராக் இருக்கிறது. நான் இதில் விட்டுக்கொடுப்பதில்லை.

புகைப் பக்கத்தில் பார்க்க வேண்டியது ஏ/ஆர் என்ற எண். டர்பைன் சக்கரத்தைச் சுற்றியிருக்கும் நத்தைக்கூட்டின் வழி எவ்வளவு குறுகல் என்பதைக் காட்டுவது. தோட்டத்து ஹோஸ் வாயை விரலால் அழுத்தினால் தண்ணீர் பீச்சியடிக்கும், ஆனால் வாளி நிறைய நேரமாகும் அல்லவா, அதே சங்கதிதான். எண் சிறிதானால் டர்போ சீக்கிரம் விழிக்கும், மேலே போனால் புகை வெளியேற வழியில்லாமல் எஞ்சின் திணறும். எண் பெரிதானால் நேர் எதிர்.

அவன் வண்டிக்கு நியாயமான தேர்வு என்று ஒன்று உண்டு. அந்த எஞ்சின் குடும்பத்தில் சாதாரண வகைகளுக்கு ஐஎஸ்20 என்ற டர்போவும், 300 குதிரைத்திறன் உள்ள கோல்ஃப் ஆர் காருக்கு ஐஎஸ்38 என்ற சற்றுப் பெரிய டர்போவும் வரும். இரண்டும் ஐஎச்ஐ கம்பெனி செய்தவை. ஐஎஸ்20ஐக் கழற்றிய இடத்தில் ஐஎஸ்38 உட்காரும், நான் சொல்வது அதைத்தான். அதற்கு மேல் ஆசைப்பட்டால், 350 நியூட்டன் மீட்டர் திருகுவிசைக்கென்று வந்த கியர்பாக்ஸையும், எல்லா இழுவையையும் தாங்கும் இரண்டே முன்சக்கரங்களையும் யோசிக்க வேண்டும். இன்டர்கூலர், 95 ஆக்டேன் பெட்ரோல், ஈசியூ ரீமேப் மூன்றும் டர்போவோடு சேர்ந்த செலவு. இவற்றில் ஒன்றைத் தள்ளிவைத்தாலும் மற்றவை வீண்.

மார்த்தாண்டம் பக்கம் பழைய டீசல் டர்போவைப் பெட்ரோல் காருக்குப் பூட்டலாம் என்று சொல்பவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். டீசல் புகையின் சூடு 850 டிகிரிக்குள் அடங்கிவிடும். பெட்ரோல் டர்போ எஞ்சினில் 950, 1,000 டிகிரி சாதாரணம். அந்தச் சூட்டுக்கென்று செய்யாத டர்பைன் கூடு வெடிப்பு விடும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். கம்பெனி குறித்த அடிப்படை விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு சொல்கிறது. கேரள உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றை மாற்றி உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. இது மத்தியச் சட்டம். பாறசாலையின் கேஎல்-19 ஆனாலும் மார்த்தாண்டத்தின் டிஎன்-75 ஆனாலும் ஒன்றுதான். களியக்காவிளையைத் தாண்டினால் தப்பலாம் என்பது வெறும் பேச்சு. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ்காரர்கள் முதலில் கேட்பதும் இதைத்தான். அதனால் தினமும் ஓட்டும் வண்டியில் கம்பெனி டர்போவையே நல்ல நிலையில் வைத்திருக்கச் சொல்வேன். பெரிய டர்போ டிராக்குக்கென்று ஒதுக்கிய வண்டிக்கு.

அப்படி ஒதுக்கிய வண்டிக்கே வாங்கினாலும் பெட்டியைப் பார்த்து மயங்காதே. பெயர்பெற்ற கம்பெனிகளின் போலிகள் அச்சு அசலாக வருகின்றன. நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்று வரை போகும் தண்டு அது. பேலன்ஸில் மயிரிழை பிசகினாலும் தாங்காது. சீரியல் நம்பரைக் கம்பெனியிடமே சரிபார். தண்டை விரலால் ஆட்டிப் பார். பக்கவாட்டில் லேசான ஆட்டம் சாதா பேரிங் டர்போவில் இருக்கத்தான் செய்யும், ஆனால் சக்கரம் கூட்டைத் தொடக் கூடாது. முன்பின் ஆட்டம் கையில் தெரிந்தாலே திருப்பிக் கொடுத்துவிடு.

பூட்டும் நாளில் ஆயில் பைப் இரண்டையும் புதிதாகப் போடச் சொல். அடைத்த பழைய பைப் புது டர்போவையும் தின்றுவிடும். ஆயில் திரும்பும் பைப் சரிவாகக் கீழ்நோக்கி இறங்க வேண்டும். வளைந்து மேலே ஏறினால் சீல் வழியே ஆயில் கசியும். பேரிங்கில் கொஞ்சம் ஆயில் ஊற்றிவிட்டு, பெட்ரோலை நிறுத்தி, எஞ்சினைச் செல்ஃபில் மட்டும் விட்டுவிட்டுச் சுற்றச் சொல். டர்போவுக்குப் போகும் பைப்பின் வாயில் ஆயில் வந்து நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டும்.