அத்தை பார்க்காத மேளம்

சென்னைப் பனி தோல் மேளத்துக்கு ஆகாது. தை மாதத்தில் பொழுது சாய்ந்ததும் காற்றில் ஈரம் ஏறும். அந்த ஈரத்தைத் தோல் குடித்துக்கொள்ளும். மத்தியானம் கணீரென்று பேசிய தப்பு, ஏழு மணிக்கெல்லாம் பொத்பொத்தென்று வாயடைத்துப் போகும். நெருப்பில் காட்டினால்தான் தோல் இறுகும், குரல் திரும்பும். மேடைக்குப் பின்னால் நாலு சுள்ளியும் கொஞ்சம் வைக்கோலும் கூட்டி என் வீட்டுக்காரர் தீக்குச்சியைக் கிழித்தபோது, காவலுக்கு நின்ற இரண்டு பையன்கள் ஓடிவந்து மிதித்து அணைத்தார்கள். விழா வளாகத்தில் நெருப்புக்கு அனுமதி இல்லை. அவர்கள் சொன்னதில் குற்றமும் இல்லை. சுற்றிலும் ஒயர், துணிப் பந்தல், ஜெனரேட்டர். ஆனால் எங்கள் முறை வர நாற்பது நிமிடம்தான் இருந்தது. கையில் இருந்த மேளமோ ஊமையாகக் கிடந்தது.

நாங்கள் நாகலாபுரம். இப்போது திருப்பதி மாவட்டம். 2022 ஏப்ரல் வரை சித்தூர் மாவட்டம். ஊத்துக்கோட்டையைத் தாண்டி, சுருட்டப்பள்ளியில் பள்ளிகொண்ட சிவனைக் கும்பிட்டுவிட்டு வந்தால் எங்கள் ஊர். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாதேவியின் பெயரால் ஏற்படுத்திய ஊர் என்பார்கள். வேதநாராயணர் கோவிலுக்குப் பங்குனியில் மூன்று நாள் வெளியூர்க் கூட்டம் வரும். சாயங்கால வெயில் முதல் நாள் மூலவரின் பாதத்தில் விழும், அடுத்த நாள் நாபிக்கு ஏறும், மூன்றாம் நாள் முகத்தைத் தொடும். கோவிலுக்குள் நாதஸ்வரமும் தவிலும் வாசிப்பார்கள். எங்கள் வீட்டு மேளத்துக்குத் தெருதான் இடம்.

வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு என்று வளர்கிற ஊர் எங்களுடையது. மேளத்துக்கும் இரண்டு பெயர். தமிழில் பறை, தப்பு, தெலுங்கில் டப்பு. வலது கைக் குச்சியைத் தமிழ்நாட்டுக்காரர்கள் அடிக்குச்சி என்பார்கள், இங்கே சிர்ரா. இடது கையில் பிடிக்கிற மெல்லிய குச்சி அங்கே சிண்டு, இங்கே சிட்டிகெனபுல்ல. எல்லை தாண்டினால் பெயர் மாறும். தட்டுகிறவனுக்கு ஊர் ஒதுக்கிய இடம் மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

என் மாமனார் நாற்பது வருஷம் தப்படித்தவர். கல்யாண ஊர்வலம், கங்கம்மா ஜாத்திரை, சாவு. சாவுதான் அதிகம். அவர் அடித்து என் அத்தை ஒரு நாளும் நின்று பார்த்ததில்லை. சுடுகாட்டுக்குப் பெண்கள் போவதில்லை. ஜாத்திரையில் தலைகளுக்கு நடுவே எப்போதாவது ஒரு தோளோ கையோ தெரிந்திருக்கும், அவ்வளவுதான். இன்னொரு காரணத்தை அத்தை எனக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னார். அடிக்கிறவர்களுக்குக் காசைக் கையில் கொடுக்க மாட்டார்கள், தரையில் வீசுவார்கள். குனிந்து பொறுக்க வேண்டும். “அத நான் பாக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாரும்மா. நான் கேட்டாப் போதுமாம், பாக்க வேணாமாம்.”

அதனால் அத்தை கேட்டார். வீட்டு வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, ஊர்வலம் எந்தத் தெருவில் திரும்புகிறது என்று சொல்வார். ஐந்து பேர் அடித்தாலும் அதில் மாமனாரின் அடி எது என்று தெரியும். சாவு ஊர்வலம் ஏரிக்கரையைத் தாண்டும்போது அடி மாறும். அது காதில் விழுந்ததும் அத்தை எழுந்துபோய்க் கொல்லைப்புற அடுப்பை மூட்டி, அண்டாவில் வெந்நீர் வைப்பார். சாவுக்குப் போய்வந்தவர் குளிக்காமல் வீட்டுக்குள் வர முடியாது. மாமனார் கொல்லை வழியாக வரும்போது தண்ணீர் பதமாகக் காய்ந்திருக்கும். நாற்பது வருஷத்தில் ஒருமுறைகூட அது ஆறிப்போனதில்லை என்று அத்தை சொல்லும்போது, அவர் முகத்தில் ஒரு வித்வானுக்கு இருக்கிற பெருமை இருக்கும்.

கட்டிய துணையின் இசையைக் கேட்பது தனிக் கலை என்று நான் நம்புவது அத்தையைப் பார்த்துத்தான். தமிழ்நாட்டில் இதற்குப் பேர்பெற்ற உதாரணம் ஒன்று உண்டு. எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடும்போது கணவர் சதாசிவம் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பார். அடுத்த பாட்டு எது, எதை நீட்டலாம், எங்கே முடிக்கலாம் என்று அங்கிருந்தே ஜாடை போகும். 1963இல் எடின்பரோ விழா, 1966இல் ஐக்கிய நாடுகள் சபை என்று எங்கே பாடினாலும் அந்தத் துணை கூடவே போனது. 1997 நவம்பரில் சதாசிவம் காலமானார். அதன் பிறகு எம்.எஸ். கச்சேரி மேடை ஏறவில்லை. திருப்பதியில் எம்.எஸ்ஸுக்குச் சிலை இருக்கிறது. பஸ்ஸில் அதைக் கடக்கும்போதெல்லாம் அந்த முன்வரிசை நாற்காலிதான் எனக்கு நினைவுக்கு வரும். அதே காலத்தில் எங்கள் ஊர் வாசலில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண்ணும் அதே அளவு கூர்மையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். நாற்காலிதான் கிடைக்கவில்லை.

மாமனார் தன் பிள்ளை குச்சியைத் தொடக் கூடாது என்று இருந்தார். டிப்ளமோ படிக்கவைத்தார். வீட்டுக்காரரும் வேலைக்குப் போனார், தப்பு பரணில் ஏறியது. 2018 ஜனவரி 6 அன்று கீழ்ப்பாக்கத்தில் ஒரு கச்சேரி என்று நண்பர்கள் அவரைக் கூட்டிப்போனார்கள். இயக்குநர் பா.ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ குழு முதல்முறையாக மேடையேறிய நாள் அது. அயோத்திதாசப் பண்டிதர் கையாண்ட சொல்லிலிருந்து எடுத்த பெயர். 19 பேர், அதில் ஒரே பெண், இசைவாணி. கானாவும் ராக்கும் ராப்பும் ஒரே மேடையில். கிட்டாருக்குப் பக்கத்தில் பறை, அதுவும் ஓரத்தில் இல்லை. ராத்திரி வீடு திரும்பியவர் சாப்பிடக்கூட இல்லை. ஏணியைப் போட்டுப் பரணில் ஏறினார். தூசியோடு அப்பாவின் தப்பை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அன்றைக்கு நான் எதுவும் கேட்கவில்லை.

இப்போது அவர் குழுவில் ஐந்து பேர். இரண்டு கிட்டார், ஒரு பேஸ், ஒரு டிரம் செட், இவருடைய தப்பு. மாதம் இரண்டு சனிக்கிழமை சென்னையில் ஒத்திகை. பஸ் செலவு, ஸ்டுடியோ வாடகை, வராத ஓவர்டைம். இதில் வீட்டுக்கு வரும் பணம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. நான் அதைக் குறையாகச் சொல்லவில்லை. மேடையில் கேட்கும் சத்தத்தில் எங்கள் வீட்டுக் கணக்குநோட்டும் இருக்கிறது என்று சொல்கிறேன்.

இந்த முறை அத்தையையும் கூட்டிப்போவது என்று நான்தான் பிடிவாதம் பிடித்தேன். “நான் எதுக்கும்மா அங்க” என்று நாலு நாள் சொன்னார். கிளம்பும் அன்று காலையில் பார்த்தால் பெட்டியிலிருந்து பட்டுப்புடவையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார்.

நெருப்பு அணைந்த இடத்துக்கு வருகிறேன். பழைய மேடைகளில் ஹாலஜன் விளக்கு இருக்கும், அதன் முன்னால் பிடித்தால் தோல் கொஞ்சம் காயும். இங்கே எல்லாம் எல்இடி. வெளிச்சம் உண்டு, சூடு கிடையாது. குழுவில் டிரம்ஸ் வாசிக்கிற தம்பிக்கு இந்தக் கவலையே இல்லை, அவனுடையது பிளாஸ்டிக் முகப்பு. மேலை நாட்டு டிரம்மும் ஒரு காலத்தில் கன்றுத்தோல்தான். ஈரத்துக்குப் பயந்து பெரிய டிரம்முக்குள் மின்விளக்கை எரியவிட்டு வாசித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ரெமோ பெல்லி 1957இல் நிறுவனம் தொடங்கி பிளாஸ்டிக் முகப்புகளை ஊரெங்கும் கொண்டுபோன பிறகுதான் அந்த வேலை ஒழிந்தது. பறைக்கும் இன்று பிளாஸ்டிக் முகம் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் தொட மாட்டார். அப்பாவின் மரச்சட்டம், அதில் தோல்தான் என்பார். அந்த நாற்பது நிமிடத்தில் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

கேட்டுக்கு வெளியே மக்காச்சோளம் சுடுகிற தள்ளுவண்டி ஒன்றைப் பார்த்தது அப்போது நினைவுக்கு வந்தது. “கொடுங்க இங்க” என்று தப்பை வாங்கிக்கொண்டு ஓடினேன். அத்தையும் பின்னாலேயே வந்தார். வண்டிக்காரப் பெரியவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சோளத்தை ஓரம் தள்ளி, விசிறியால் நாலு வீச்சு வீசி, கரியைச் சிவக்கவைத்தார். நான் மேளத்தைக் குப்புறப் பிடித்தேன். பொசுக்கிவிடுவேனோ என்று கை நடுங்கியது. அத்தை என் கையிலிருந்து அதை வாங்கினார்.

அவர் அதுவரை எத்தனை தப்பு காய்ச்சியிருப்பார் என்று எனக்குத் தெரியாது. கங்கிலிருந்து ஒரு முழம் உயரத்தில் பிடித்தார். நடுவில் சூடு நிற்கவிடாமல், சட்டத்தை விரல்களால் தள்ளித் தள்ளிச் சக்கரம் மாதிரி சுற்றினார். நடு நடுவே எடுத்துப் புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கட்டை விரலால் ஓரத்தில் ஒரு சுண்டு. பொத். மறுபடி கங்கு. மறுபடி சுண்டு. ஐந்தாறு நிமிடம் போனபின் டங்கென்று வந்தது. அத்தை தலையைச் சாய்த்துக் கேட்டார். “இன்னும் ஒரு சுத்து” என்றார். அந்த ஒரு சுற்றுக்குப் பிறகு சுண்டியபோது எழுந்த ஒலியில், பக்கத்தில் சோளம் கடித்துக்கொண்டிருந்த சின்னப் பிள்ளை திரும்பிப் பார்த்தது. பெரியவர் காசு வாங்க மறுத்துவிட்டார்.

எங்கள் குழுவுக்கு ஒதுக்கியது இருபது நிமிடம். சவுண்ட் பார்த்தவர் முதல் பாட்டில் தப்பின் மைக்கை இறக்கியே வைத்திருந்தார். கிட்டார் எல்லாம் கேட்டது, இவர் கை போவது மட்டும் தெரிந்தது. நான் கூட்டத்தைப் பிளந்துகொண்டு பின்னால் கன்சோல் இருக்கும் இடத்துக்குப் போய், “அண்ணா, தப்பு கேக்கல” என்றேன். “அது லவுடுங்க, தானா கேக்கும்” என்றார். வீட்டுத் திண்ணையில் கேட்கும், இத்தனை பெரிய ஸ்பீக்கருக்கு நடுவில் எப்படிக் கேட்கும் என்று நான் விடவில்லை. இரண்டாவது பாட்டில் ஏற்றினார். அந்த நிமிடம் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்தார்கள். நான் மிகைப்படுத்தவில்லை. புல்லில் கால் நீட்டியிருந்த பிள்ளைகள் கையூன்றி எழுந்து முன்னால் போனார்கள்.

மூன்றாவது பாட்டில் அவர் இடது கைக் குச்சி நழுவியது. சின்ன விரலில் நாலு நாளாக வெடிப்பு. பிளாஸ்திரி வேர்வையில் கழன்றிருக்க வேண்டும். ஒரு அடி விழவில்லை, அடுத்த அடிக்குள் பிடித்துவிட்டார். அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. எனக்கு நெஞ்சு நின்று துடித்தது. பக்கத்தில் பார்த்தேன். அத்தை என் மணிக்கட்டை இறுகப் பிடித்திருந்தார். அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ரசிகர்கள் பாட்டைக் கேட்கிறார்கள். நாங்கள் விரல் வெடிப்பை, மூச்சு வாங்குவதை, மத்தியானம் சரியாகச் சாப்பிடாததைக் கேட்கிறோம். ஸ்ரீரங்கத்தில் வாழும் ஆந்திரத் தம்பதி காலீஷாபி, ஷேக் மகபூப் சுபானி இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நாதஸ்வரம் வாசிப்பவர்கள். 2020 பத்மஸ்ரீ இருவருக்கும் சேர்த்தே அறிவிக்கப்பட்டது. ஒருவர் மூச்சு எடுக்கும் இடம் மற்றவருக்குத் தெரியாமல் அப்படி வாசிக்க முடியாது. கீழே நிற்கிற எங்களுக்கும் அந்த மூச்சு தெரியும், பதில் வாசிக்கத்தான் வாத்தியம் இல்லை. பறை வாசித்த மதுரைப் பக்கத்து வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்த செய்தி வந்த அன்று, வீட்டுக்காரர் அதை அத்தைக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார். அத்தை கேட்டது ஒன்றுதான்: “கையில குடுப்பாங்களா?”

கடைசிப் பாட்டு முடிந்ததும் கைதட்டல் அடங்க நேரமானது. மேடையிலிருந்து அவர் தப்பைத் தலைக்குமேல் தூக்கிக் காட்டினார். அப்பாவின் சட்டம், அம்மா காய்ச்சிய தோல். அத்தை கைதட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, மேடையின் தரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே ஒயர்களும் ஒரு தண்ணீர் பாட்டிலும்தான் கிடந்தன.

வேனில் திரும்பினோம். ஊத்துக்கோட்டை வரைக்கும் குழுப் பிள்ளைகள் பேசிக்கொண்டே வந்தார்கள். அத்தை கண்ணை மூடியிருந்தார், தூங்கவில்லை. நாகலாபுரம் சேர்ந்தபோது மணி மூன்று. வீட்டுக்காரர் வேனிலிருந்து சாமான்களை இறக்கினார். நான் கதவைத் திறந்து விளக்கைப் போடுவதற்குள், கொல்லைப்புறத்தில் விறகு ஒடிக்கிற சத்தம் கேட்டது. பின்னாலேயே, அண்டாவில் தண்ணீர் ஊற்றும் சத்தம்.